மண்டபத்து மௌனமும் தேநீர்க் கடை உண்மையும்

ஒரு துறை வளர வேண்டுமாயின் அதில் உழைப்போர் இருந்தால் மட்டும் போதாது. அவ்வுழைப்பைக் கூடியிருந்து ஆராய்வோரும் இருத்தல் வேண்டும். உழவன் விளைத்த நெல்லைக் களத்தில் தூற்றிப் பார்க்கிறான். பதர் காற்றோடு போக, மணி கீழே தங்குகிறது. தூற்றுவதை நெல்லுக்கு இழைக்கும் அவமதிப்பு என்று எவரும் கருதுவதில்லை. அறிவியலார் இத்தகைய களத்தை அமைத்துக்கொண்டு அதற்குக் கருத்தரங்கு என்று பெயரிட்டனர். இலக்கியத்தாரும் அதே பெயரில் கூட்டங்கள் நடத்துகின்றனர். பெயர் ஒன்றாயினும் பொருள் ஒன்றுதானா என்பதே ஆராயற்பாலது.

ஈப்போ நகரையொட்டிய சிலிபின் வட்டாரத்திலும், பேராக்கின் பிற ஊர்களிலும் நூல் வெளியீட்டு விழா நடைபெறும் முறையை இலக்கிய அன்பர் அனைவரும் அறிவர். தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்பு வருகையாளர் உரை, பொன்னாடை, மாலை, முதல் நூல் பெறுதல் என நிகழ்ச்சி நிரல் நீளும். நூலாய்வு என்று ஒரு கூறும் அதில் இருக்கும். ஆனால் அதற்குரிய நேரம் வரும்போது மணி பத்தை நெருங்கியிருக்கும். ஆய்வாளர் நூலிலிருந்து சில பகுதிகளை எடுத்துப் படித்து, ஆசிரியரின் உழைப்பைப் பாராட்டி, "காலத்தின் அருமை கருதி" அமர்ந்துவிடுவார். விழா முடியும். பிறகு நான்கைந்து பேர் சாலையோர ஒட்டுக்கடையில் அமர்ந்து தே தாரிக் அருந்துவர். அங்கேதான் நூலைப் பற்றிய உண்மை முதன்முதலாக வெளிவரும். கதையின் நடுப்பகுதி தொய்ந்திருப்பதும், தோட்டத்துக் கிழவி பட்டதாரியைப் போலப் பேசுவதும், முடிவு வேறெங்கோ படித்த முடிவாக இருப்பதும் அங்கே அலசப்படும். அவ்வலசலில் நுட்பம் உண்டு, நேர்மையும் உண்டு. ஆயினும் அதனைக் கேட்டே ஆக வேண்டிய ஒருவர் மட்டும் அங்கே இல்லை. நூலாசிரியர் மாலைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

மண்டபத்தில் பாராட்டும் கடையில் விமரிசனமுமாக இருக்கும் இப்பிளவே இந்நாட்டுத் தமிழ் இலக்கியத்தைப் பற்றியுள்ள நோய்களுள் தலையாயது எனலாம். இதற்கு மருந்து தேடுவோர் இலக்கியத்துக்கு வெளியே, பல்கலைக்கழகத்து இயற்பியல், வானியல் துறைகளின் வழக்கத்தைச் சற்று நோக்குதல் பயனுடையது. ஏனெனில் அவர்களும் இதே நோய்க்கு ஆளானவர்களே. ஒரு முறை அந்நோய் ஒரு தமிழரின் வாழ்வையே திசை திருப்பியது.

அறிவியல் துறையின் களம்

இயற்பியலார் வாரந்தோறும் கூடிப் பேசும் வழக்கம் பழமையானது. செர்மன் நாட்டின் பெர்லின் நகரில் குசுத்தாவ் மாக்னசு என்னும் பேராசிரியர் 1843ஆம் ஆண்டிலேயே இளம் ஆய்வாளரைத் தம் இல்லத்தில் கூட்டிப் புதிய ஆய்வுகளைப் பற்றிப் பேச வைத்தார். அங்குத் தொடங்கிய மரபு வளர்ந்து, 1920ஆம் ஆண்டுகளில் ஐன்சுடைன், பிளாங்க், லாவே போன்றோர் முன்வரிசையில் அமர்ந்து கேட்கும் அவையாயிற்று. இங்கிலாந்தின் கேம்பிரிட்சில் உருசிய நாட்டு இளைஞரான பீட்டர் கபிட்சா 1922ஆம் ஆண்டில் தம் பெயரால் ஒரு சிறு கழகம் அமைத்தார். செவ்வாய் மாலைகளில் அது கூடும். ஆங்கிலேயரின் தயக்கத்தைப் போக்கக் கபிட்சா தாமே வேண்டுமென்று பேதைமையான கேள்விகளை எழுப்புவாராம். மூத்தவர் பிழைபடக் கேட்டதும் இளையவருக்கு வாய் திறக்கத் துணிவு வந்துவிடும். நியூட்ரானைக் கண்டறிந்த சாட்விக் 1932ஆம் ஆண்டு பெப்ரவரியில் அக்கண்டுபிடிப்பை விளக்கிப் பேசியது இக்கழகத்தாரிடையேதான்.

இத்தகைய கூட்டங்களின் இயல்புகளை நான்காகத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, ஒழுங்கு. திங்களுக்கு ஒன்றோ வாரத்துக்கு ஒன்றோ, ஆள் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நாளில் கூட்டம் நடக்கும். இரண்டாவது, முடியாத ஆய்வே பேசப்படும். அச்சேறி முடிந்ததைப் பற்றிப் பாராட்டலாம். முடியாததைப் பற்றித்தான் உதவ முடியும். மூன்றாவது, இடைமறித்துக் கேட்கும் உரிமை. கரும்பலகையில் மூன்றாம் வரி எழுதும்போதே, "இரண்டாம் வரியிலிருந்து இது எப்படி வந்தது?" என்று ஒரு மாணவன் கேட்கலாம். நான்காவது, அவை கலைந்த பின்னும் பேச்சு தொடர்வது. தேநீர்க் கோப்பையைக் கையில் ஏந்தியபடி, அவையில் கேட்கக் கூச்சப்பட்ட ஐயத்தை ஒருவர் கேட்பார். பேசியவரும் அங்கேயே நிற்பார். அறிவியலாரின் தேநீர் மேசைக்கும் சாலையோர ஒட்டுக்கடைக்கும் உள்ள வேறுபாடு இதுவே: அங்கே பேசப்படுபவர் உடன் இருக்கிறார்.

முறைசாராப் பேச்சின் ஆற்றலுக்குச் சான்று சென்னையிலேயே உண்டு. 1928ஆம் ஆண்டில் செர்மன் நாட்டு அறிஞர் ஆர்னால்டு சாமர்பெல்டு சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரி மாணவரான பதினெட்டு வயது சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று அவரைச் சந்தித்தார். சாமர்பெல்டு எழுதிய அணுவியல் நூலை வரி விடாமல் கற்றிருந்த அம்மாணவரிடம், அந்நூலில் உள்ள இயற்பியல் பழையதாகிவிட்டது என்று நூலாசிரியரே கூறினார். அத்துடன் நில்லாமல், உலோகங்களின் மின்னணுக்களைப் பற்றிய தம் புதிய கட்டுரையின் அச்சுப்படியையும் கொடுத்தனுப்பினார். அவ்வொரு சந்திப்பின் விளைவாகச் சந்திரசேகர் புதிய புள்ளியியல் முறையைத் தாமே கற்று, அடுத்த ஆண்டே ஒரு கட்டுரை வெளியிட்டார். தம் நூல் பழையதாயிற்று என்று பதினெட்டு வயது இளைஞரிடம் ஒப்புக்கொள்ளும் பெருமனம் அந்த முதுபேராசிரியரிடம் இருந்தது. இங்கே மேடையேறும் மூத்த எழுத்தாளருள் எத்தனை பேர் அவ்வாறு கூறுவர் என்பதை அவரவர் நெஞ்சமே அறியும்.

ஒரு வீட்டின் மாடி

கருத்தரங்கு நடத்தக் கட்டடமும் மானியமும் வேண்டும் என்று சொல்லிக் காலம் கழிப்போர் உண்டு. அவர்களுக்கும் சென்னையே விடை கூறுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அல்லாடி இராமகிருட்டிணன் (1923–2008), 1957–58இல் அமெரிக்காவின் பிரின்சுடன் உயராய்வு நிறுவனத்தில் தங்கியிருந்தபோது அங்கு நடந்த கருத்தரங்குகளைக் கண்டு வியந்தார். தாயகம் திரும்பியவர் அரசின் ஆணைக்குக் காத்திராமல், மயிலாப்பூரில் உள்ள தம் குடும்ப இல்லமான ஏகாம்ர நிவாசத்திலேயே தம் மாணவரைக் கூட்டிக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கைத் தொடங்கினார். இந்திய அரசியல் சட்டத்தை வகுத்த குழுவினருள் ஒருவரான அல்லாடி கிருட்டிணசாமி ஐயரின் இல்லம் அது. சட்டம் பேசிய கூடத்தில் அணுத்துகள்களைப் பற்றிய பேச்சு எழுந்தது.

வந்து போன அயல்நாட்டு அறிஞர் பலர். பாக்கிசுத்தானின் அப்துசு சலாம் அங்கு உரையாற்றினார். 1960ஆம் ஆண்டு சனவரியில் இந்தியாவுக்கு வந்த நீல்சு போர், அம்மாணவர் குழுவைக் கண்டு மனம் நிறைந்து, இந்நாட்டில் தம்மைக் கவர்ந்தவற்றுள் அதனையும் ஒன்றாகக் குறிப்பிட்டார் என்பர். மாநிலக் கல்வி அமைச்சராயிருந்த சி. சுப்பிரமணியம் அம்மாணவர்களை 1961ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் பிரதமர் நேருவின் முன் நிறுத்தினார். ஏறத்தாழ மூன்றே திங்களில், 1962ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள், கணித அறிவியல் நிறுவனம் சென்னையில் தொடங்கப்பெற்றது. தொடக்க விழாவில் சந்திரசேகரும் பங்கேற்றார். நிறுவனம் பிறந்து அதன் பிறகு கருத்தரங்கு வரவில்லை. கருத்தரங்கு நடந்துகொண்டிருந்ததால் நிறுவனம் பிறந்தது. வரிசை இதுதான். வரிசையை மாற்றி முதலில் மண்டபம் கட்ட நினைப்போருக்கு மண்டபம் மட்டுமே மிஞ்சும்.

அவையில் நக்கீரர் இல்லாத நாள்

இனி மறுபக்கத்தையும் காண வேண்டும். கருத்தரங்கு என்பது பெயரளவில் இருந்தாலே போதும், உண்மை தானே வெளிப்படும் என்று எண்ணுவது பேதைமை. இதனை உணர்த்தும் நிகழ்ச்சி 1935ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் இலண்டனில், அரச வானியல் கழகத்தின் கூட்டத்தில் நிகழ்ந்தது.

சந்திரசேகருக்கு அப்போது வயது இருபத்து நான்கு. எரிபொருள் தீர்ந்த விண்மீன்கள் எல்லாம் வெண்குறு விண்மீன்களாகச் சுருங்கி அமைதியடையும் என்பது அக்கால நம்பிக்கை. அவ்வாறன்று, ஒரு குறித்த நிறைக்கு மேற்பட்டவை அந்நிலையில் நிற்க இயலா, மேலும் சுருங்கியே தீரும் என்று அவர் கணக்கிட்டிருந்தார். கதிரவனின் நிறையைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று அறியப்படும் அவ்வெல்லை அவர் பெயராலேயே வழங்குகிறது. அதை அவையில் விளக்கி அமர்ந்ததும், அக்காலத்து வானியலில் ஈடிணையற்றவரான சர் ஆர்தர் எடிங்டன் எழுந்தார். எடிங்டன் அயலார் அல்லர். அதே கேம்பிரிட்சில் இருந்து, இளைஞரின் கணக்கு எவ்வளவில் இருக்கிறது என்று அடிக்கடி கேட்டறிந்தவர். அவருக்குப் பேச மிகுதியான நேரம் கிடைக்கவும் உதவியவர். ஆனால் தம் மறுப்பை ஒரு நாளும் நேரில் சொன்னதில்லை. அவையில் எழுந்து, விண்மீன் இவ்வளவு அபத்தமாக நடந்துகொள்வதை இயற்கையே தடுத்துவிடும் என்ற கருத்துப்படப் பேசினார். அவை சிரித்தது. விடை கூற இளைஞருக்கு வாய்ப்பளிக்காமல், தலைவர் அடுத்த பொருளுக்குச் சென்றுவிட்டார்.

இதில் எடிங்டனின் பிழை ஒரு பங்கே. அவையின் பிழை மூன்று பங்கு. பெரியவர் பிழைபடுவது உலக இயல்பு. அவர் பிழைபடும்போது அவையில் ஒரு குரலும் எழாதிருப்பதே கேடு. தமிழ் மரபு இதனை நன்கறியும். கயிலை நாதனே புலவனாக வந்து பாட்டுக்குப் பரிந்து பேசியபோதும் குற்றம் குற்றமே என்ற நக்கீரரின் கதையைத் தமிழர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவது, அவைக்கு அஞ்சாத ஒரு குரலாவது வேண்டும் என்பதற்காகவே. அன்றைய இலண்டன் அவையில் நக்கீரர் எவரும் இருந்திலர்.

இதைவிட நெஞ்சை உறுத்துவது பின்னர் நிகழ்ந்தது. சந்திரசேகர் தம் நண்பர் ரோசன்பெல்டுக்கு எழுதினார். அவரும் நீல்சு போரும் எடிங்டனின் வாதத்தில் பொருளில்லை என்றே கருதினர். பவுலியும் அவ்வாறே கருதினார். ஆனால் தனிக் கடிதத்திலும் தனிப் பேச்சிலும் கூறியதை அவர்கள் பலரறியக் கூற முன்வரவில்லை. டிராக், பையர்ல்சு, பிரைசு ஆகிய மூவர் எடிங்டனின் வாதத்தை மறுத்துக் கட்டுரை வெளியிட்டது 1942ஆம் ஆண்டில், ஏழாண்டுகள் கழிந்தபின். அதற்குள் சந்திரசேகர் தம் ஆய்வை ஒரு நூலாக 1939இல் எழுதி முடித்துவிட்டு, வேறு துறைக்குச் சென்றுவிட்டார். அவருக்கு நோபல் பரிசு கிட்டிய ஆண்டு 1983.

இலண்டன் மண்டபத்தில் மௌனம். கோப்பனேகன் கடிதத்தில் உண்மை. சிலிபின் மண்டபத்தில் பொன்னாடை. சாலையோரக் கடையில் உண்மை. இடமும் காலமும் வேறு, நோய் ஒன்றே. ஒரு வேறுபாடும் உண்டு. இலண்டனில் சிரிப்பால் ஓர் இளைஞர் வீழ்த்தப்பட்டார். இங்கே கைதட்டலால் வீழ்த்தப்படுகிறார். சிரிப்பைக் கேட்டவருக்குத் தம்மைத் தாக்கியது எது என்பதாவது தெரியும். கைதட்டலைக் கேட்டவருக்கு அதுவும் தெரியாது. அடுத்த நூலிலும் அதே குறைகளோடு வந்து, மூன்றாவது நூலுக்கு ஆள் கூடாதபோது, தமிழர் படிப்பதில்லை என்று நொந்து எழுத்தையே விட்டுவிடுவார். இழப்பு அவருக்கு மட்டுமன்று.

இரு தடைகள்

இதற்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். இயற்பியலில் கணக்கு உண்டு, வானத்தில் விண்மீன் உண்டு. யார் கூற்று மெய் என்பதைக் காலம் காட்டிவிடும். இலக்கியத்தில் அத்தகைய உரைகல் ஏது என்பது முதல் மறுப்பு. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஒரு கவிதை சிறந்ததா என்பதைத் தொலைநோக்கி காட்டாது. ஆனால் திறனாய்வாளர் கூறுவதில் பெரும்பகுதி சுவை பற்றியதன்று. நூலில் உள்ளதைப் பற்றியது. பத்தாம் பக்கத்தில் இறந்தவர் முப்பதாம் பக்கத்தில் பால்மரம் சீவினால், அதைச் சுட்டிக்காட்ட ஐன்சுடைன் வேண்டா. இப்பாத்திரம் ஏன் இவ்வாறு முடிவெடுக்கிறது என்று கேட்டால், நூலைத் திறந்து காட்டிச் சொல்லலாம். பக்கத்தைச் சுட்டிப் பேசும் வழக்கம் ஒன்று வந்தாலே பாதி வழி கடந்ததாகும்.

இரண்டாம் மறுப்பு இன்னும் வலியது. மலேசியத் தமிழ் எழுத்துலகம் சிறியது. ஒருவருக்கொருவர் உறவினர், உடன் பணியாற்றுவோர், ஒரே தோட்டத்திலிருந்து வந்தோர். வெளிப்படையாகக் குறை கூறினால் திருமண வீட்டில் முகம் கொடுத்துப் பேச முடியாது என்பர். மேலும், நூலாசிரியர் கைப்பணத்தில் அச்சிட்டு, வெளியீட்டு நாளில் விற்றாலன்றி முதலை மீட்க இயலாதவர்; அந்நாளில் குறை கூறுவது வயிற்றில் அடிப்பதாகும். இம்மறுப்பை எளிதாகத் தள்ளுதல் கூடாது. வெளியீட்டு விழா திருமண விழா போன்றது. மணமேடையில் மணமகனின் குணத்தை எவரும் ஆராய்வதில்லை. ஆராய்வது பெண் பார்க்கும் முன்னரே. ஆகவே விழாவைத் திருத்த முயல வேண்டியதில்லை. விழாவுக்கு முந்திய ஒரு களம் வேண்டும். அச்சேறாத கையெழுத்துப் படியைப் பத்துப் பேர் முன்கூட்டியே படித்துவிட்டு வந்து, எழுதியவரை நடுவில் வைத்துப் பேசும் களம் அது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் பயிற்சிப் பாடம் நடக்கும் முறையை அறிந்தோர்க்கு இது புதிதன்று. பயிற்சி ஆசிரியர் பாடம் நடத்துவார். பின்வரிசையில் விரிவுரையாளரும் சக பயிற்சியாளரும் குறிப்பெடுப்பர். பாடம் முடிந்ததும் அமர்ந்து பேசுவர். முதல் முறை கண்ணீர் வருவதும் உண்டு. ஐந்தாம் முறை எவரும் அழுவதில்லை. இன்று கேட்பவர் நாளை பேசுவார், நாளை பேசுபவர் மறுவாரம் கேட்பார் என்பது எல்லார்க்கும் தெரியும். அரிதாக ஒருமுறை சொல்லப்படும் குறை தீர்ப்பாகி உறவை முறிக்கிறது. தொடர்ந்து சொல்லப்படும் குறை பயிற்சியாகிப் பழகிவிடுகிறது. கருத்தரங்கின் மருந்து அதன் கடுமையில் இல்லை. அதன் ஒழுங்கில் இருக்கிறது. அன்று எடிங்டன் தம் மறுப்பைக் கேம்பிரிட்சில் வாரந்தோறும் நேருக்கு நேர் கூறியிருப்பின், இலண்டனில் அச்சிரிப்புக்கு இடமிருந்திராது. அத்தனைக்குப் பின்னும் சந்திரசேகர் அவரிடம் பகை பாராட்டவில்லை. 1982ஆம் ஆண்டில் எடிங்டனின் நூற்றாண்டை ஒட்டிக் கேம்பிரிட்சில் சொற்பொழிவாற்றி அவர் பெருமையை எடுத்துரைத்தார். கருத்து மோதினால் உறவு கெட்டே தீரும் என்பார்க்கு இது விடையாகும்.

இம்மண்ணின் முன்னோடிகள்

இத்தகைய களம் இந்நாட்டுக்கு அந்நியமானதும் அன்று. 1950ஆம் ஆண்டில் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோசி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு, எழுத வந்த இளைஞர்க்குச் சிறுகதை இலக்கணத்தைக் கற்பித்து, அவர்கள் எழுதியவற்றைத் தரம் பிரித்துத் திருத்தியது. 1952இல் அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பேற்க வந்த கு. அழகிரிசாமி, 1957இல் தாயகம் திரும்பும் முன், எழுத்தாளரை நேரில் கூட்டிப் படைப்புகளைப் பற்றிப் பேச வைத்தார். அத்தலைமுறையின் சிறுகதைகள் இன்றும் படிக்கத்தக்கனவாக நிற்பதற்கு அவ்வுழைப்பு ஒரு காரணம். தமிழ் நேசன் 2019ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. நாளிதழ் நிற்பது பொருளியலின் செயல். நல்ல வழக்கம் நிற்பது அதனைக் கையேற்காதவரின் செயல்.

இன்னும் பின்னோக்கினால், தொல்காப்பியமே நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானின் முன் அரங்கேறியதாகச் சிறப்புப் பாயிரம் கூறுகிறது. அரங்கேற்றம் என்பது ஆசான் வினவ, நூலாசிரியர் விடையிறுத்தல். வினாவை நீக்கிவிட்டு மாலையை மட்டும் வைத்துக்கொண்டது பிற்காலம். வள்ளுவர் அவையறிதலுக்கு ஓர் அதிகாரமும், அதனையடுத்து அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். அவையின் இயல்பறிந்து பேசுதல் இன்று யாவர்க்கும் கைவந்துவிட்டது. அடுத்த அதிகாரத்தைத்தான் கற்க வேண்டியிருக்கிறது.

இதற்குச் செலவு மிகுதியில்லை. பள்ளி முடிந்த பின் ஒரு வகுப்பறை, திங்களுக்கு ஒரு மாலை, பத்துப் படிகள் எடுக்கப்பட்ட ஒரு கதை, ஒரு குடுவைத் தேநீர் ஆகியவை போதும். பொன்னாடை வேண்டா. தலைவர் வேண்டுமாயின், கபிட்சாவைப் போல முதல் பேதைக் கேள்வியைத் தாமே கேட்கத் துணிந்தவராக இருத்தல் நலம். மயிலாப்பூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் நடந்தது சிலிபினில் நடக்க முடியாது என்பதற்குக் காரணம் ஏதுமில்லை. ஒட்டுக்கடைப் பேச்சும் நிற்க வேண்டியதில்லை. அது இனியது, பயனுடையது. ஆனால் அம்மேசையில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கதை எழுதிய இளைஞனை, "தம்பி, நீயும் உட்கார்" என்று அழைக்கும் நாளில்தான் அது கருத்தரங்காகும்.